கயிற்றை இழுக்க முன்னம்

ஸ்ராட் வராத எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு கொட்டிலுக்கு வருகிற ஆளிடம் அப்பா கேட்கும் முதல் கேள்வி எஞ்சினைப் பற்றியதாக இராது. "நேற்று என்னெண்டு நிப்பாட்டினனீ?" என்றுதான் கேட்பார். வந்தவருக்குக் கோபம் வரும். இண்டைக்கு ஓடேல்லை எண்டு கொண்டுவந்தால் இந்த மனுசன் நேற்றைய கதை கேட்குது என்று முகத்தைச் சுளிப்பார்கள். பதினைந்து குதிரை எஞ்சின் ஒன்று முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அதை இறங்குதுறையிலிருந்து வெயிலில் தூக்கி வந்தவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

ஆனால் கேள்வியும் நியாயமானது. எங்கள் கரையில் ஓடுகிற எஞ்சின்களில் நிறைய மண்ணெண்ணெய் எஞ்சின்கள். அவற்றுக்கு இரண்டு சாப்பாடு. எழுப்பும்போது பெற்றோல், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய். பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும், 38 பாகைக்குக் கீழே அது பற்றக்கூடிய அளவு ஆவியைத் தராது. ஆகவே தொழில் முடிந்து கரைக்கு வரும்போது, நிற்பாட்டுவதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் முன்னம் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும். அப்படிச் செய்தால் காபரேற்றரின் கிண்ணத்தில் பெற்றோல் தங்கும், அடுத்த நாள் விடியப்புறம் இரண்டாவது இழுவையில் எழும்பும். செய்யாமல் விட்டால் கிண்ணத்தில் தங்குவது மண்ணெண்ணெய். இரவு முழுக்க ஆறிப்போன எஞ்சினுக்குள் ஆறிப்போன மண்ணெண்ணெய். கை ஓயும் மட்டும் இழுக்கலாம்.

இதைத் தெரியாத தொழிலாளி குருநகரில் ஒருவரும் இல்லை. தெரிந்தும் செய்யமாட்டார்கள். கரைக்கு வருகிற நேரம் மீன் ஏலம் தொடங்கிவிடும், பெற்றோல் விலை கூட, பின்னால் அலை தள்ளும். அந்த அவசரத்தில் யார் குழாய் மாத்துறது? நிப்பாட்டும் பொத்தானை அமத்திவிட்டு இறங்கி ஓடுவார்கள். பிறகு அப்பா கேட்டால், "மாத்தித்தான் அண்ணை நிப்பாட்டினனான், சத்தியமா" என்பார்கள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். காபரேற்றருக்குக் கீழே இருக்கிற சின்ன ஆணியைத் திருகி, வடிகிறதை உள்ளங்கையில் பிடித்து மணந்து பார்ப்பார். அவ்வளவுதான் விசாரணை.

நான் இந்தக் கொட்டிலுக்குள் வளர்ந்தவள். எழுத்துக் கூட்டி வாசிக்க முன்னமே பிளக் சாவியை அடையாளம் தெரியும். ஒரு எஞ்சின் எழும்பாமல் விடுவதற்குக் காரணங்கள் நூறு இருப்பது போலத் தெரியும். உண்மையில் அதற்கு வேண்டியவை மூன்றே மூன்று: எரிபொருள், பொறி, அமுக்கம். சரியான நேரத்தில் மூன்றும் சந்தித்தால் எழும்பியே ஆக வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. எழும்பவில்லை என்றால் மூன்றில் ஒன்று வரவில்லை. யார் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டுவது வேலையல்ல. அப்பாவிடம் பழக வந்த பெடியன்கள் பலர் முதல் நாளே சுத்தியலும் திருப்பியுமாக உட்காருவார்கள். அவர் சாவிப்பெட்டியைத் தூக்கித் தன் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, "கையை வைச்சிருக்கிற இடத்தில வை, கண்ணால பார்" என்பார்.

கண்ணால் பார்க்க நிறைய இருக்கிறது. ஒருமுறை ஒருவர் பாசையூரிலிருந்து ஓட்டோ பிடித்து எஞ்சினைக் கொண்டுவந்தார். மூன்று நாளாகத் தொழில் இல்லையாம், வேறொரு இடத்தில் பிளக் இரண்டும் புதிதாக மாற்றியும் சரிவரவில்லையாம். அப்பா பார்த்தவுடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார். நிப்பாட்டும் பொத்தானுக்குள் செருகியிருக்க வேண்டிய சிவப்புக் கிளிப் இல்லை. ஓட்டுகிறவன் கடலில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும் என்பதற்காகக் கையில் கட்டும் சுருள் கயிற்றின் நுனியில் இருக்கிற கிளிப் அது. எங்கள் ஆட்கள் அதைக் கையில் கட்டமாட்டார்கள். கிளிப்பை மட்டும் செருகிவிட்டுக் கயிற்றை வெட்டி எறிவார்கள். அது எங்கோ விழுந்து போயிருக்கிறது. கிளிப் இல்லாவிட்டால் பொறி வராது, ஆயிரம் தரம் இழுத்தாலும் வராது. அந்த ஆளுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அப்பா எஞ்சினை உள்ளே கொண்டுபோய், ஒரு மணித்தியாலம் வைத்திருந்து, பழைய கிளிப் ஒன்றைச் செருகி, "காபரேற்றர் ஊத்தை, கழுவினனான். காசு பிறகு பாப்பம்" என்று கொடுத்தனுப்பினார். அந்தக் காசை அவர் பிறகும் கேட்கவில்லை.

கிளிப்புக்கு அடுத்தது தாங்கி மூடியில் இருக்கிற காற்றுத் திருகு. அதைத் திறக்காவிட்டால் எண்ணெய் இறங்க இறங்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும், பிறகு ஒரு சொட்டு வராது. இதை ரப்பர் உருண்டையே சொல்லிவிடும். குழாயின் நடுவில் இருக்கிற, கையால் அமத்துகிற உருண்டை. நாலைந்து தரம் அமத்தினால் கல்லுப்போல இறுக வேண்டும். அமத்திய பிறகு சப்பையாகவே கிடந்தால் மேலே அடைப்பு, மூடியைப் பார். எத்தனை தரம் அமத்தினாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது காபரேற்றருக்குள் மிதவை ஊசி மூடவில்லை. நான் பத்து வயதில் படித்த முதலாவது வைத்தியம் இதுதான். நாடி பிடிக்கிற மாதிரி இருக்கும்.

பிளக்கைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் எழுதலாம். கழற்றிப் பார்த்தால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருந்திருக்கிறது. கறுத்து, ஈரமாக, ஒயில் வடிய இருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறது. காய்ந்து சுத்தமாக இருந்தால் அது நல்ல செய்தி இல்லை, எண்ணெய் வந்து சேரவேயில்லை என்று அர்த்தம். வெள்ளையாக வெந்திருந்தால் எண்ணெய் குறைவு, சூடு கூட. நுனியில் முத்துமுத்தாகத் தண்ணீர் நின்றால் தாங்கிக்குள் தண்ணீர். அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும், தண்ணீர் கீழே படியும். நடுவில் கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நிற்கும்.

இந்த எஞ்சின் வந்த கதையை நான் பிறகுதான் வாசித்தேன். அமெரிக்காவின் விஸ்கொன்சின் ஏரியொன்றில் ஓலே எவின்ரூட் என்கிற நோர்வேயில் பிறந்த மனிதர், பிறகு தன் மனைவியாகப்போகிற பெஸ்ஸுக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தண்டு வலித்துப் போனாராம். திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த எரிச்சலில் வள்ளத்தின் பின்புறத்தில் கொளுவக்கூடிய எஞ்சினைச் செய்தார் என்பது கதை. 1909இல் விற்பனைக்கு வந்தது. அவருக்கு முன்னமே கமரூன் வோட்டர்மன் என்பவர் ஒன்று செய்து விற்றிருக்கிறார், ஆனால் ஐஸ்கிறீம் கதை இல்லாததால் அவரை ஒருவருக்கும் தெரியாது. யமஹா 1960இல் தன் முதல் எஞ்சினை விட்டது. எவின்ரூட் பெயரில் எஞ்சின் செய்வது 2020இல் நின்றுவிட்டது. இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐஸ்கிறீம் உருகினதுக்கே எஞ்சின் செய்தவன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குடுத்துவைச்சவன்" என்றார்.

அப்பாவுக்கு எஞ்சின் என்றால் முதலில் ஞாபகம் வருவது கிளாலி. 1990இல் போர் மறுபடி தொடங்கியதும் ஆனையிறவு மூடப்பட்டது. பூநகரிப் பாதையும் அடைபட்ட பிறகு குடாநாட்டிலிருந்து வெளியே போக இருந்த ஒரே வழி கிளாலியில் இறங்கி ஏரியைக் கடந்து வன்னிக் கரைக்குப் போவதுதான். இரவில்தான் போகலாம், கடற்படையின் கண்ணில் படாமல். எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளம் முன்னுக்கு, அதன் பின்னால் கயிற்றில் கோத்த மாதிரி எஞ்சின் இல்லாத வள்ளங்கள். ஒவ்வொன்றிலும் சனம், சூட்கேஸ், சைக்கிள். பெற்றோல் பொருளாதாரத் தடைக்குள் இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெய்யில் ஓடியது, எழுப்புவதற்கு மட்டும் கண்மருந்துப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சுவார்கள். வள்ளத்து எஞ்சினுக்கும் அதே சட்டம். அப்பாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எஞ்சின் பார்க்கிற ஆளாக முன் வள்ளத்தில் இருந்திருக்கிறார். 1993 ஜனவரி 2ஆம் திகதி ஏரியில் வைத்துக் கடற்படை சுட்டதில் பொதுமக்கள் பலர் செத்துப்போனார்கள். அன்று அவர் போகவில்லை. அதற்குச் சில கிழமைகள் கழித்து நடந்ததை மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறார், பல தடவை, எப்போதும் ஒரே மாதிரி.

பாதி ஏரியில் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. "அணை" என்று ஒருவர் சொல்ல, அப்பா எஞ்சினை நிற்பாட்டினார். குழாய் மாற்ற நேரமில்லை. மண்ணெண்ணெய்யிலேயே நின்றது. வெளிச்சம் அசைந்து அசைந்து போய் மறையும் வரைக்கும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், "ஒரு செபமாலை முடியிற நேரம்" என்பார், பின் வள்ளத்தில் யாரோ முணுமுணுத்துச் செபித்துக்கொண்டிருந்ததால் அது அளவாகிவிட்டது. மாசி மாதக் குளிர். பிறகு இழுத்தால் எழும்பவில்லை.

"பன்னிரண்டு தரம் இழுத்தன். பிறகு நிப்பாட்டிப்போட்டன்." இந்த இடத்தில் அப்பா ஒவ்வொரு முறையும் நிறுத்துவார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இழு, இழு என்கிறார்கள். ஆனால் எழும்பாத எஞ்சினை இழுக்க இழுக்க உள்ளே இன்னும் எண்ணெய் போகும், பிளக் இன்னும் நனையும். இழுக்கிறதை நிப்பாட்டிறதுதான் அங்கே முதல் வேலை. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கையைக் கட்டிக்கொண்டு யோசிப்பது லேசான காரியமில்லை.

டோர்ச் அடிக்க முடியாது, நெருப்புக்குச்சி தட்ட முடியாது. பிளக் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருந்தார், கை தவறி ஏரிக்குள் விழாமல் இருக்க. முதல் பிளக்கைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரிக்கவில்லை. ஆகவே உள்ளே கடல்தண்ணீர் போகவில்லை. மண்ணெண்ணெய் மட்டும்தான். அடுத்தது பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக பிளக்கை எஞ்சின் உடம்பில் தொடவைத்து இழுத்தால் நீலமாகத் துள்ளும். அந்த நீலமும் வெளிச்சம்தானே. ஆகவே பிளக் வயரின் நுனியை விரலுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு மற்றவரை இழுக்கச் சொன்னார். "தோள்மூட்டு வரைக்கும் அடிச்சுது. அவ்வளவு சந்தோசம் எனக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அப்பாவும் அதற்குப் பிறகு செய்ததில்லை, பெடியன்கள் செய்தால் கையில் அடிப்பார்.

பொறி இருக்கிறது, ஆகவே குற்றவாளி ஈரம். இரண்டு பிளக்கையும் வெளியே வைத்துக்கொண்டு எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, வேகப்பிடியை முழுக்கத் திறந்து, பத்துப் பன்னிரண்டு தரம் இழுத்தார். உள்ளே தேங்கிக் கிடந்தது பிளக் ஓட்டைகளால் புகைமாதிரி வெளியே பீச்சியது. பிளக்கைத் துடைக்க அவருடைய சாரம் முழுக்க நனைந்திருந்தது. ஒரு பெண் தன்னுடைய சேலைத் தலைப்பை நீட்டியிருக்கிறார். துடைத்து, கண்மருந்துப் போத்தலிலிருந்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மூன்று சொட்டுப் பெற்றோல் விட்டு, பிளக்கை இறுக்கி, இழுத்தார். மூன்றாவது இழுவையில் எழும்பியது.

அப்பாவின் கதை இங்கே முடியும். வள்ளத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறேன். யார் யார் என்றும் கேட்டிருக்கிறேன். "இருட்டு பிள்ளை, முகம் தெரியேல்லை" என்பார். ஆனால் சேலைத் தலைப்புத் தந்த பெண்ணின் மடியில் ஒரு குழந்தை இருந்ததையும், அது அழாமல் இருக்க அதன் வாயை அவர் ஒரு கையால் பொத்திக்கொண்டே மற்றக் கையால் தலைப்பை நீட்டினார் என்பதையும் அம்மாதான் எனக்குச் சொன்னார். அப்பா அம்மாவிடம் ஒரே ஒரு தடவை, கலியாணம் முடித்த புதிதில் சொன்னாராம். நண்பர்களிடம் இதைச் சொன்னால், அவர் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிக்கிறார், அது ஒரு காயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழந்தைக்கு அன்று இரவு தேவைப்பட்டது தன்னைப் பார்த்து மனம் இளகுகிற ஒரு ஆள் இல்லை. எரிபொருள், பொறி, அமுக்கம் என்று வரிசையாக யோசிக்கக்கூடிய ஒரு ஆள். அதை அவர் கொடுத்தார். மிச்சத்தைச் சொல்வதும் சொல்லாததும் அவருடைய விருப்பம்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கிலிருந்து மண்ணுக்குள் புதைந்த எஞ்சின்கள் வந்தன. அப்பாவுக்கு அந்த நாட்களில் ஒரே புலம்பல், எல்லோரும் எஞ்சினைத் தோண்டி எடுத்து வெயிலில் காயவைத்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள் என்று. கடலில் மூழ்கிய எஞ்சினைக் காயவிடக் கூடாது. காற்றுப் பட்டதும் உப்பு தின்னத் தொடங்கிவிடும். உடனே கழற்ற முடியாவிட்டால் நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் போட்டு வைக்க வேண்டும். தண்ணீரில் கெட்டதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திரு என்றால் யார் நம்புவார்கள்? வீட்டையே கடல் கொண்டுபோனவர்களிடம் பீப்பா எங்கே இருக்கிறது என்பது வேறு விசயம்.

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் கரையில் அது வரிசை நின்ற வருசம். கானை வைத்து இடம் பிடித்துவிட்டு இரவு முழுக்க எண்ணெய்க்காகக் காத்துக் கிடந்தார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலில் ஏறியது. அதற்கு முன்னமே கறுப்புச் சந்தையில் அதைவிடக் கூட விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. வாங்கியதில் பாதி தண்ணீர். அப்பாவின் கொட்டிலில் ஒரு தட்டு முழுக்கக் கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தக் கோடு. மாதக்கணக்காக ஓடாமல் கிடந்த எஞ்சின்களுக்குள் பழைய பெற்றோல் பிசினாக இறுகி, காபரேற்றரின் நுண்ணிய துவாரங்களை அடைத்திருந்தது. மிதவை ஊசிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணெய் கிடைத்த அன்று எஞ்சின் எழும்பவில்லை. இதைவிடக் கொடுமை இருக்காது.

அப்பாவுக்கு அந்த வருசம் வலது தோள்மூட்டு போய்விட்டது. முப்பது நாற்பது வருசம் கயிறு இழுத்த தோள். டொக்டர் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்றார். ஆகவே நான் இழுத்தேன். வேலை முடிந்து வந்து பின்னேரங்களிலும், சனி ஞாயிறுகளிலும். "அண்ணை, பெடியன் ஒருத்தரும் இல்லையோ?" என்று முதலில் சிலர் கேட்டார்கள். அப்பா, "பெடியள் எல்லாம் கயிற்றை அறுக்கிறாங்கள்" என்றார். அது உண்மைதான். இழுப்பது பலத்தில் இல்லை. முதலில் மெதுவாக இழுத்து, உள்ளே பல் கவ்வுகிற இடத்தை உணர வேண்டும். கவ்விய பிறகுதான் இழுவை. விடும்போது கயிற்றைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். சுண்டி விட்டால் உள்ளே சுருள் உடையும். அப்பா கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னொருக்கா." "சோக்கை அரைவாசி தள்ளு." "மேல் சிலிண்டர் மட்டும்தான் கதைக்குது, கீழ் பிளக்கைக் கழட்டு." பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆனால் எல்லா எஞ்சினும் எழும்பவில்லை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தன்னுடைய எஞ்சினைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். போர் முடிந்து முகாமிலிருந்து வந்த பிறகு கடன்பட்டு வாங்கிய எஞ்சின். வெளியே துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார், மூடியின் உட்புறத்தில் அந்தோனியார் படம். கயிற்றை இழுத்தவுடனே எனக்குக் கையில் தெரிந்தது. எதிர்ப்பே இல்லை, வெறும் வாளிக் கயிறு மாதிரி வந்தது. அப்பா எழும்பி வந்து பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்தார். இழுத்தேன். நல்ல எஞ்சின் விரலைத் தூக்கி எறியும். அவருடைய விரல் அசையாமல் இருந்தது. மற்ற ஓட்டையிலும் அப்படியே.

"ஒயில் எவ்வளவு விட்டனீங்கள்?" என்று அப்பா கேட்டார். வழக்கமாக நீ என்கிறவர், அன்று நீங்கள் என்றார்.

"வழமையா விடுற அளவுதான் அண்ணை."

இந்த வகை எஞ்சினுக்குத் தனியாக ஒயில் கிடையாது, எரிபொருளோடு கலந்து விடுவதுதான் உள்ளே பிஸ்ரனுக்குப் போய்ச் சேரும். அந்த வருசம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது ஒயில் விலையும் கூடவே ஏறியது. கரை முழுக்க ஒயிலைக் குறைத்துத்தான் ஓடினார்கள். ஒரு மூடி விடுகிற இடத்தில் அரை மூடி. எஞ்சின் உடனே ஒன்றும் சொல்லாது. உள்ளே சுவர் கீறுப்படும், வளையங்கள் தேயும், ஒரு நாள் மூச்சு விடாது. அப்பா தலையைக் கழற்றி அவருக்குக் காட்டவில்லை. காட்டினால் கீறல்கள் கண்ணுக்கே தெரியும், பிறகு அந்த மனிதர் என்ன சொல்வார்? "பழசாப் போச்சு. வருசம் எத்தினை?" என்று மட்டும் சொன்னார்.

"துளைச்சுப் பெருப்பிச்சு புது பிஸ்ரன் போடேலாதோ?"

"போடலாம். சாமானுக்கு வாற விலைக்குப் பழைய எஞ்சின் ஒண்டு எடுக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இன்னொருக்கா இழுத்துப் பாருமன்." நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேசாமல் பிளக் இரண்டையும் எடுத்துத் துடைத்துப் பூட்டி, இறுக்கி, வயரைக் கொளுவினார். ஒழுங்காக, நல்ல எஞ்சினுக்குச் செய்கிற மாதிரியே. நான் ஆறு தரம் இழுத்தேன். ஏழாவதை அவரே இழுத்தார்.

கீழ்க்கால் நன்றாக இருந்தது, கியர் பற்கள் புதிது மாதிரி. அதை மட்டும் வாங்க ஆள் இருக்கிறது என்று அப்பா சொன்னார், விலையும் சொன்னார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அந்தோனியார் படத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பத் தொடங்கினார். பசை காய்ந்து போயிருந்ததால் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப நாளைக்கு ஆரிண்டை போட்டில போறது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

அப்பா பொதுவாக யாருக்கும் போன் எடுக்கமாட்டார். போன் அடித்தாலே என்னிடம்தான் தருவார். அன்றைக்கு ஒயில் கையைத் துடைக்காமலே எடுத்து, தெரிந்த சம்மாட்டி ஒருவரின் பெயரைத் தேடச் சொல்லி என்னிடம் நீட்டினார், பிறகு தானே வாங்கிக் கதைத்தார். நல்ல தொழிலாளி, வலை தெரிஞ்ச ஆள், குடி இல்லை என்று மூன்று விசயம் சொன்னார். வைத்துவிட்டு, "விடியப்புறம் மூண்டு மணிக்கு இறங்குதுறையில நிக்கட்டாம்" என்றார்.